துறைமுகத்துக்கு மேலே ஒரு வானம்: எடுத்துச் செல்லும் தொலைகாட்டியின் கதையும் எமது தெரிவும்

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டையைக் கைமாற்றிக்கொண்டவர்களின் வரிசையும், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளும், 1957 இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய செய்தியும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் இதே துறைமுகத்துக்கு மேலே விரிந்து கிடக்கும் வானத்தை யார் யார், எந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள் என்ற கதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை.

அதைச் சொல்ல வேண்டிய தேவை இப்போது வந்திருக்கிறது. எமது கிராமத்துப் பாடசாலையின் விஞ்ஞான மன்றத்திடம் 60 மில்லிமீற்றர் வில்லை கொண்ட சிறிய தொலைகாட்டி ஒன்று உண்டு. சந்திரனின் பள்ளங்களையும் வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் அதில் பார்த்த பிள்ளைகள், இனி அடுத்தது என்ன என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் தொழில் பார்க்கும் பழைய மாணவர்கள் சிலர், "சேர், நல்லதொன்றாக வாங்குவோம், எதை வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறார்கள். கேட்பதற்கு இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தோன்றும். எனது எண்ணத்தில் இது ஒரு வரலாற்றுக் கேள்வி. எந்தக் கருவி இந்த மண்ணுக்குப் பொருந்தியது, எது வந்த வழியே திரும்பிப் போனது, எது இங்கே தங்கியது என்பதை அறியாமல் இதற்கு விடை கூற முடியாது.

பல்லில் கடித்த கயிறு

தொலைகாட்டி பிறப்பதற்கு முன்பே இந்தக் கடலில் வானத்தை அளந்தவர்கள் இருந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும் மாலுமியான அஹ்மத் இப்னு மாஜித், இந்து சமுத்திரத்துத் துறைமுகங்களின் இடத்தைத் துருவ நட்சத்திரத்தின் உயரத்தைக் கொண்டே குறித்தார். அந்த நட்சத்திரத்தை அவர் 'ஜாஹ்' என்றார். உயரத்தை அளக்கும் அலகு 'இஸ்பஃ', அதாவது விரல். ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. அவருக்குப் பின் வந்த சுலைமான் அல் மஹ்ரியும் இதே மரபில் எழுதியவர். அரபு மாலுமிகளின் நூல்களில் சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் தனியொரு கூட்டத்தினராகக் குறிப்பிடப்படுகிறார்கள். கடல் வித்தையில் கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தது என்பதற்கு இது சான்று.

இந்த அளவைக்குப் பயன்பட்ட கருவி மிகவும் எளியது. ஒரு சிறு சதுரப் பலகை, அதன் நடுவில் துளை, துளையினூடே முடிச்சுகள் இட்ட ஒரு கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பலகையைக் கண்ணுக்கு முன்னே நிறுத்த வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு கடலும் வானமும் சேரும் கோட்டிலும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்க்கோட்டுக்கு மரக்கலம் வந்துவிட்டது என்று பொருள். அரபிகள் இதைக் 'கமால்' என்றனர். அரபு மாலுமிகளின் கருவிகளைப் பற்றி ஜேம்ஸ் பிரின்செப் 1836 இல் கல்கத்தாவில் எழுதினார். சோழமண்டலக் கரையின் மாலுமிகள் கையாண்ட உபாயங்களைப் பற்றிக் கொங்கிறீவ் என்பவர் 1850 இல் சென்னையிலிருந்து வெளிவந்த சஞ்சிகையில் எழுதினார். இதன் தமிழ்ப் பெயர்: இராப்பலகை.

இரவில் பார்க்கும் பலகை இராப்பலகை. எவ்வளவு பொருத்தமான பெயர்! மடியில் செருகிக்கொள்ளலாம், உப்புக் காற்றில் பழுதாகாது, உடைந்தால் படகில் கிடக்கும் மரத்துண்டில் இன்னொன்று செய்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முடிச்சுகள் இந்தக் கரையின் துறைமுகங்களுக்கென்றே இடப்பட்டவை. வேறொரு நாட்டு வானத்துக்குச் செய்யப்பட்ட கருவி அல்ல அது. இந்தக் கடைசி விடயத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பன்னிரண்டு அடிக் குழாய்

1609 இல் கலிலியோ தொலைகாட்டியை வானத்தின் பக்கம் திருப்பினார். அவருடைய சிறந்த கருவிகள் ஏறத்தாழ இருபது மடங்கு பெருப்பித்துக் காட்டின. எண்பது ஆண்டுகள் கழித்து, 1689 டிசம்பரில், புதுச்சேரியில் தங்கியிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பன்னிரண்டு அடி நீளத் தொலைகாட்டியால் ஒரு வால்வெள்ளியை நோக்கிக்கொண்டிருந்தபோது, தெற்கு வானின் பிரகாசமான அல்பா சென்ரோறி நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். தமிழ்க் கரையிலிருந்து தொலைகாட்டியால் கிடைத்த முதற் கண்டுபிடிப்புகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இலண்டனிலோ பாரிசிலோ இருந்து அந்த நட்சத்திரத்தைக் காணவே முடியாது. திருகோணமலையில் அது தெற்கே ஏறத்தாழ இருபது பாகை உயரம் வரை எழும். மே மாத இரவுகளில் தெற்கே வெளியான எந்த இடத்திலும் நின்று அதனைப் பார்க்கலாம். சிறிய தொலைகாட்டியும் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டும். பெரிய அவதான நிலையங்களைக் கட்டிய நாடுகளுக்குக் கிடைக்காத வானம் எங்களுக்கு வாய்த்திருக்கிறது. கருவிதான் வந்து வந்து போயிற்று.

அக்காலத்துத் தொலைகாட்டிகள் ஏன் அத்தனை நீளமாக இருந்தன? தனி வில்லை, வெள்ளொளியை நிறங்களாகப் பிரித்துவிடும். பார்க்கும் பொருளைச் சுற்றி நிறக்கறை படியும். வில்லையின் குவியத்தூரத்தைக் கூட்டினால் கறை குறையும், குழாயோ நீளும். நியூட்டன் 1668 இல் வில்லைக்குப் பதிலாகக் குழிவாடியைப் பயன்படுத்தி ஒரு சாண் நீளமுள்ள தொலைகாட்டியைச் செய்தார். ஆடி நிறங்களைப் பிரிப்பதில்லை. கையில் எடுத்துச் செல்லக்கூடிய தொலைகாட்டியின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது எனலாம்.

1871: இரண்டு நிமிடத்துக்கு வந்தவர்கள்

1871 டிசம்பர் 12 ஆம் திகதி காலை ஒரு பூரண சூரிய கிரகணத்தின் நிழல், மலையாளக் கரையில் காசர்கோட்டுக்கு அருகே தரை தொட்டு, நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை வழியாக வந்து, பாக்கு நீரிணையைக் கடந்து, யாழ்ப்பாணத்தின் மீதும் திருகோணமலையின் மீதும் சென்று வங்கக் கடலில் இறங்கியது. பூரண இருள் நீடித்தது ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் மட்டுமே.

அந்த இரண்டு நிமிடத்துக்காகப் பிரித்தானியாவிலிருந்து ஒரு குழு கப்பலேறி வந்தது. சூரியனில் ஹீலியத்தின் கோட்டை இனங்கண்ட நோர்மன் லொக்யர் அதன் தலைவர். அவர் பேக்கல் கோட்டையில் நின்றார். இத்தாலியரான ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும், பிரெஞ்சுக்காரரான ஜான்சன் நீலகிரியிலும் கருவிகளை நிறுத்தினர். சென்னை அவதான நிலையத்துப் பொக்சன் அவினாசிக்குச் சென்றார். யாழ்ப்பாணத்தில் நின்ற பிரிவினர் கிரகணத்தைப் புகைப்படம் எடுத்தனர். திருகோணமலைக்கு வந்தவர் ஹென்றி நொற்றிஜ் மோஸ்லி என்ற 27 வயது இளைஞர்.

மோஸ்லியிடம் இருந்தது நிறமாலைகாட்டி. சூரியனின் ஒளியை அரியத்தினூடே செலுத்தி நிறங்களாக விரித்துக் காட்டும் கருவி அது. பூரண கிரகணத்தின்போது சந்திரனின் கரிய வட்டைச் சுற்றி வெண்முத்துப் போல் தோன்றும் கொரோனா எனப்படும் ஒளிமுடி எதனால் ஆனது என்பதே அன்றைய பெருங்கேள்வி. 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது அமெரிக்காவில் யங், ஹார்க்னஸ் என்னும் இருவர் அந்த ஒளியில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டிருந்தனர். பூமியில் அறியப்பட்ட எந்தப் பொருளுக்கும் அது பொருந்தவில்லை. புதிய மூலகம் என்று எண்ணி 'கொரோனியம்' எனப் பெயரும் இட்டார்கள். 1940களின் தொடக்கத்தில்தான் சுவீடன் நாட்டு எட்லன் அந்த முடிச்சை அவிழ்த்தார். அது புதிய மூலகம் அல்ல. பதின்மூன்று இலத்திரன்களை இழந்த சாதாரண இரும்பு. அவ்வாறு இழக்க வேண்டுமானால் ஒளிமுடியின் வெப்பநிலை பத்து இலட்சம் பாகையளவில் இருந்தாக வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஆறாயிரம் பாகைக்கும் குறைவு. இவ்வாறு விடை காணப்பட்ட ஒரு கேள்விக்குரிய ஆரம்ப அவதானங்களுள் சில எமது திருகோணமலையிலும் எடுக்கப்பட்டன என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மோஸ்லி வானத்தோடு நிற்கவில்லை. இலங்கையின் ஈர மண்ணில் ஊரும் தட்டைப் புழுக்களைச் சேகரித்துச் சென்று, அவற்றைப் பற்றி எழுதிய விரிவான ஆய்வை 1874 இல் வெளியிட்டார். 1872 இல் புறப்பட்ட புகழ்பெற்ற சலஞ்சர் கப்பலின் ஆழ்கடல் ஆய்வுப் பயணத்திலும் அவர் சேர்ந்துகொண்டார். அவருடைய மகன் ஹென்றி மோஸ்லியை உயர்தர விஞ்ஞான மாணவர்கள் எல்லோரும் அறிவர். 1913 இல் எக்ஸ் கதிர்களின் நிறமாலையை அளந்து, மூலகங்களின் வரிசையைத் தீர்மானிப்பது அணுவெண்ணே என்று நிறுவியவர் அவர். 1915 ஆகஸ்டில் கலிப்பொலிப் போர்முனையில், துருக்கியப் படைக்கு எதிரான சண்டையில், 27 வயதிலே கொல்லப்பட்டார். தகப்பன் நிறமாலைகாட்டியுடன் திருகோணமலைக்கு வந்த அதே வயது.

கிரகணம் முடிந்தது. கருவிகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டன. கப்பல் போயிற்று. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கருவிகள் எடுத்துச் செல்லவென்றே செய்யப்பட்டவை. ஆனால் எடுத்துச் செல்லும் கருவிக்கு இரண்டு திசை உண்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதனை இங்கே கொண்டுவரவும் முடியும், இங்கிருந்து கொண்டுபோகவும் முடியும்.

தங்கிய கருவிகள்

கருவி தங்கியதற்கும் உதாரணங்கள் உள்ளன. சென்னை அவதான நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867 இல் ஒரு மாறொளிர் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதைவிட அவர் செய்த பெரிய காரியம், 1874 இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்ததை முன்னிட்டு, சாதாரண மக்கள் விளங்கிக்கொள்ளும்படி ஒரு சிறு நூலை எழுதி, உருது உட்படப் பல இந்திய மொழிகளில் அது வெளிவரச் செய்தமையாகும். கருவியைத் தம் மக்களின் மொழியில் பேச வைத்தவர் அவர்.

ஹைதராபாத்தின் நவாப் ஸஃபர் ஜங் தொழில்முறை வானியலாளர் அல்லர். ஆர்வலர் மட்டுமே. 1901 இல் இங்கிலாந்திலிருந்து 15 அங்குல வில்லை கொண்ட பெரிய தொலைகாட்டியைத் தருவித்துத் தமது நிலத்தில் நிறுவினார். அவர் காலமான பின் 1908 இல் நிஸாமின் அரசு அதைப் பொறுப்பேற்றது. அதுவே நிஸாமியா அவதான நிலையமாயிற்று. ஒரு தனிமனிதரின் ஆசை ஒரு நிறுவனமானது. ஆனால் அவ்வளவு பெரிய கருவி தங்குவதற்கு ஒரு நிஸாமின் கஜானா தேவைப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

எமது நாட்டிலும் மொறட்டுவை, கட்டுபெத்தையில் அமைந்த ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் ஜப்பான் அன்பளிப்புச் செய்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி 1996 முதல் இருக்கிறது. அது நாட்டுக்கு ஒரு பேறு. எனினும் மூதூரிலோ புல்மோட்டையிலோ படிக்கும் ஒரு பிள்ளை அதன் கீழ் நிற்பதற்கு ஒரு நாள் பயணம் வேண்டும். அந்தப் பிள்ளையைத் தேடி அந்தத் தொலைகாட்டி வராது.

148 ஆண்டுகள் கழித்து

2019 டிசம்பர் 26 ஆம் திகதி காலை, ஒரு கங்கண சூரிய கிரகணம் ஏறத்தாழ 1871 இன் தடத்திலேயே வந்தது. காசர்கோடு மாவட்டம், அவினாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை. 148 ஆண்டுகளுக்கு முன் நிழல் நடந்த அதே வழி. இம்முறை சந்திரன் பூமியிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தமையால் சூரியனை முழுவதும் மறைக்க முடியவில்லை. ஓரத்தில் நெருப்பு வளையம் எஞ்சியது.

அந்தத் திகதிக்கு இங்கே வேறொரு கனம் உண்டு. 2004 இல் அதே டிசம்பர் 26 காலைதான் கிண்ணியா, மூதூர்க் கரைகளைக் கடல் அள்ளிச் சென்றது. பதினைந்தாவது நினைவு நாளில் வானத்திலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது என்றபோது கிராமத்தில் பயமும் பேச்சும் எழுந்தது இயல்பே. நபி (ஸல்) அவர்களுடைய புதல்வர் இப்றாஹீம் மறைந்த நாளில் கிரகணம் ஏற்பட்டபோது, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணமடைவதில்லை என்று அவர்கள் தெளிவுபடுத்திய செய்தியை நாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம். கிரகணத் தொழுகைக்குப் பின், சிறிய தொலைகாட்டியின் பார்வைத்துண்டுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துச் சூரியனின் விம்பத்தை அதில் விழுத்தினோம். குழாயின் அருகே ஒருவரையும் கண்ணை வைக்க விடாமல் இருவர் காவல் நின்றனர். 1871 இல் மோஸ்லியின் கண் மட்டும் பார்த்த இடத்தில், வரிசையில் நின்று எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். அன்றுதான் பெரிய கருவி வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு வந்தது.

எடுத்துச் செல்லக்கூடியது என்ற சொல்லும் எங்களுக்கு வெறும் வசதியைக் குறிக்கும் சொல் அல்ல. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் ஊரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது, கையில் தூக்கக்கூடியது எதுவோ அதுவே அவர்களோடு போனது. மற்றவை நின்ற இடத்தில் நின்றன. அந்த அனுபவம் உள்ள சமூகம் ஒரு பொருளை வாங்கும்போது 'இதை யார் தூக்குவார்?' என்று முதலில் கேட்பது நியாயமானதே.

எட்டரைப் பாகையின் பிரச்சினை

இனித் தெரிவுக்கு வருவோம். தொலைகாட்டி வாங்குவோர் பெரும்பாலும் குழாயைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதலில் அதன் தாங்கியை.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. அவற்றைத் தொடர்ந்து செல்வதற்காகப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக ஓர் அச்சைச் சாய்த்து வைக்கும் தாங்கியை மத்தியகோட்டுத் தாங்கி என்பர். அந்த அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். இலண்டனில் துருவ நட்சத்திரம் 51 பாகை உயரத்தில் நிற்கிறது. திருகோணமலையிலோ எட்டரைப் பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது ஏறத்தாழ பத்துப் பாகை. எங்களுடைய துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. மூதூர்க் கரையில் நின்று வடக்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், துறைமுக வெளிச்சத்துக்குச் சற்று மேலே, கடல் மூட்டத்தில் அது மங்கிக் கிடக்கும். மலிவு விலை மத்தியகோட்டுத் தாங்கிகள் பல, நடு அகலக்கோட்டு நாடுகளுக்கென்று செய்யப்பட்டவை. அவ்வளவு தாழ்வாக அவற்றைச் சாய்க்க முடியாது. சாய்த்தாலும் எதிர்ப்பாரக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். இராப்பலகையின் முடிச்சு இந்தக் கரைக்கென்று இடப்பட்டிருந்தது என்று முன்னர் சொன்னேனே, இங்கேதான் அது நினைவுக்கு வருகிறது. வேறு ஊர் வானத்துக்கு முடிச்சிட்ட பலகையை நாம் வாங்கக்கூடாது.

ஆகவே மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் எளிய தாங்கியே எமக்குப் பொருத்தம். அவ்வகையில் தலைசிறந்தது ஜோன் டொப்சனின் பெயரால் வழங்கும் டொப்சோனியன். சன்பிரான்சிஸ்கோவில் துறவியாக இருந்த டொப்சன், கையில் காசில்லாமல், கழிவுக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, கடதாசிக் குழாயும் மரப்பெட்டியும் கொண்டு தொலைகாட்டிகளைச் செய்தார். 1967 இல் மடத்தை விட்டு வெளியேறிய பின் தெருவோரத்தில் அவற்றை நிறுத்திப் போவோர் வருவோருக்கெல்லாம் சந்திரனைக் காட்டினார். 2014 இல் காலமாகும் வரை அதுவே அவர் தொண்டாக இருந்தது. நட்சத்திரத்தைப் பார்க்கப் படிப்போ பணமோ தடையாக இருக்கக்கூடாது என்பதே அந்த மரப்பெட்டியின் தத்துவம்.

எதைத் தெரிவது?

எமது தேவைக்கு மூன்று வகைகள் முன்னே நிற்கின்றன.

முதலாவது, 80 மில்லிமீற்றர் அளவிலான குறுங்குழாய் வில்லைத் தொலைகாட்டி. இலேசானது, பராமரிப்புக் குறைவு. ஆனால் மலிவானவற்றில் பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா நிறக்கறை தெரியும். 60 இலிருந்து 80 க்குப் போவது பெரிய பாய்ச்சலும் அல்ல.

இரண்டாவது, மக்சுதோவ் வகை. சோவியத் நாட்டு மக்சுதோவ் 1941 இல் வகுத்த அமைப்பு இது. முன்னே வளைந்த கண்ணாடியும் உள்ளே ஆடிகளும் கொண்டு ஒளியை மடித்து அனுப்புவதால், நீண்ட குவியத்தூரம் குட்டையான குழாய்க்குள் அடங்கிவிடும். சந்திரனுக்கும் கோள்களுக்கும் மிகச் சிறந்தது. முன்பக்கம் மூடியிருப்பதால் உப்புக் காற்று உட்செல்வது குறைவு. ஆனால் வானத்தின் சிறு துண்டையே ஒரே நேரத்தில் காட்டும். பழகாத பிள்ளை பொருளைத் தேடியே களைத்துப்போகும். உறுதியான முக்காலியும் வேண்டும்.

மூன்றாவது, மேசைமேல் வைக்கும் 130 மில்லிமீற்றர் டொப்சோனியன். குவியத்தூரம் 650 மில்லிமீற்றர், பாரம் ஏறத்தாழ ஆறு கிலோ, சில மாதிரிகளில் குழாய் உள்ளே மடங்கும். 60 மில்லிமீற்றர் தொலைகாட்டியை விட இது ஏறத்தாழ நாலே முக்கால் மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஒளி சேர்க்கும் திறன் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும் என்ற கணக்கைப் பத்தாம் தரப் பிள்ளையே போட்டுவிடும். ஒமேகா சென்ரோறி என்ற கோளக் கொத்து பழைய கருவியில் ஒரு புகைப் பொட்டாகத் தெரிந்தது. இதில் அதன் ஓரங்கள் மணல் தூவியது போல் நட்சத்திரங்களாகப் பிரியத் தொடங்கும்.

என் தெரிவு மூன்றாவது. காரணம் ஒளி மட்டுமல்ல. ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருத்தி அதை இரு கைகளால் அணைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்போது உயர்ந்த முக்காலிகள் நடுங்கும். பாடசாலையின் சீமெந்துத் திண்ணையில் குந்தியிருக்கும் இக்கருவி அசையாது. மோட்டார் இல்லை, மின்கலம் இல்லை, பழுதாகிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய பாகமும் அதிகமில்லை.

துணைக்கருவிகளில் ஆசைக்கு அளவில்லை. தேவைக்கு அளவுண்டு. 25, 10 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டுகள் இரண்டு. அவை முறையே 26, 65 மடங்கு பெருப்பிக்கும். இரு மடங்கு பார்லோ வில்லை ஒன்று சேர்ந்தால் 52, 130 மடங்கும் கிடைக்கும். ஆகப் பார்வைத்துண்டு இரண்டு, பார்வை நான்கு. பெட்டியில் 'ஐந்நூறு மடங்கு' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். விட்டத்தின் மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்குக்கு மேல் பெருப்பித்தால் விம்பம் பெரிதாகும், தெளிவாகாது. சூரியனைப் பார்ப்பதற்குக் குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி கட்டாயம். பார்வைத்துண்டில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி வெப்பத்தில் வெடிக்கக்கூடியது. அது பெட்டியில் இலவசமாக வந்தாலும் எறிந்துவிட வேண்டும். சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச் ஒன்று, ஆடிகளை நேர்ப்படுத்தும் சிறு கருவி ஒன்று, பத்து மடங்கு பெருப்பித்து 50 மில்லிமீற்றர் வில்லை கொண்ட பைனாகுலர் ஒன்று. இவை போதும்.

எமது கரையில் தொலைகாட்டியின் பகைவன் மேகம் அல்ல, ஈரம். மாரிக் காலத்தில் மூடிய அலுமாரிக்குள் இரண்டு மாதம் கிடந்தால் கண்ணாடியில் பூஞ்சணம் படரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் பார்வைத்துண்டுகளை வைக்க வேண்டும். அலை தெறிக்கும் இடத்தில் கருவியை நிறுத்தாமல், தென்னை வரிசைக்கு உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும். ஆடியைச் சேலைத் தலைப்பால் துடைக்க எவரையும் விடக்கூடாது.

பிறையும் குழாயும்

எங்கள் ஊரில் தொலைகாட்டி என்றதும் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி பிறை பற்றியதுதான். 2013 இல் நோன்புப் பெருநாள் பிறை தொடர்பாகக் கிண்ணியாவை மையமாக வைத்து எழுந்த கருத்து வேறுபாடு பலருக்கு இன்னும் ஆறாத விடயம். ஆகவே இதனைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பிறையைத் தீர்மானிப்பது உலமாக்களின் பொறுப்பு. எமது நாட்டு வழக்கம் வெற்றுக் கண்ணுக்கே முதலிடம் கொடுக்கிறது. ஒரு பாடசாலைத் தொலைகாட்டி அந்தத் தீர்ப்பில் தலையிடாது, தலையிடவும் கூடாது. ஆனால் தீர்ப்புக்கு முன்னே அறிவு என்று ஒன்று உண்டு. சந்திரன் சூரியனிலிருந்து ஏறத்தாழ ஏழு பாகைக்குள் நிற்கும்போது பிறையின் கீற்று உருவாவதே இல்லை என்பதைப் பிரெஞ்சு வானியலாளர் டான்சோன் கடந்த நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். இன்று மாலை சந்திரன் அடிவானத்தில் எந்த இடத்தில், எத்தனை பாகை உயரத்தில், எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். எமது மாவட்டத்தில் கடல் கிழக்கே, பிறையோ மேற்கே. கிண்ணியாவில் தம்பலகாமக் குடாவின் நீர்ப்பரப்பு மேற்கே திறந்து கிடப்பது ஒரு வாய்ப்பு. மற்ற ஊர்களில் மரமும் மலையும் மறைக்கும். எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது, வெள்ளிக் கோளையும் மேகக் கீற்றையும் பிறையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று பழகிய கண்கள் பத்து ஒரு கிராமத்தில் இருந்தால், சாட்சியின் தரம் உயரும். சண்டையின் சத்தம் குறையும். இதற்கு டொப்சோனியனை விட அந்தப் பைனாகுலரே உதவும். சூரியன் முழுவதும் மறைந்த பின்னரே அதைக் கண்ணில் வைக்க வேண்டும்.

யாருடைய கையில்?

இராப்பலகை மறைந்ததற்குக் காரணம் அது பயனற்றுப் போனதல்ல. அதைப் பிடிக்கத் தெரிந்த கைகள் மறைந்தன. 1871 இன் நிறமாலைகாட்டி சிறந்த கருவி. அதைப் பிடித்த கை இங்கே தங்கவில்லை. இந்த இரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம் ஒன்றே. கருவியின் விட்டத்தை விட, அதன் அருகே எத்தனை பேர் பழகுகிறார்கள் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எனவே பழைய மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பெரிய தொலைகாட்டி ஒன்றை வாங்கி அதிபர் அறையின் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைப்பதிலும், சிறிய டொப்சோனியனை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒரு பதிவுப் புத்தகத்தையும் கொடுப்பது மேல். அந்தப் புத்தகத்தில் திகதி, நேரம், பார்த்த பொருள், பார்த்தவர் பெயர் என்ற நான்கு நிரல்கள் போதும். வெள்ளிக்கிழமை இரவு ஒரு வீட்டு முற்றம், அடுத்த கிழமை அடுத்த வீட்டு முற்றம் என்று கருவி ஊரைச் சுற்றி வரட்டும். உம்மாமாரும் மூத்தவாப்பாமாரும் சனியின் வளையத்தைத் தம் கண்ணாலேயே காணட்டும்.

2027 ஆகஸ்ட் 2 ஆம் திகதிய பூரண சூரிய கிரகணத்தின் பாதையில் மக்கா நகரமும் அடங்கும். அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் பகல் இருளும். அந்தச் செய்தியை வாசிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை, ஒளிமுடி என்றால் என்ன, அதன் பச்சைக் கோட்டின் கதை என்ன, அதைப் பார்க்க வந்த ஓர் இளைஞன் ஒரு காலத்தில் எங்கள் துறைமுகத்தில் நின்றான் என்பதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும். அடுத்த நிழல் திருகோணமலையைத் தொடும்போது, பார்த்தவர் பெயர் என்ற நிரலில் எழுதப்படுபவை எங்கள் பெயர்களாக இருக்கட்டும்.